காலடிப்பேட்டையில் மாற்றிய எண்ணெய்

ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவன், போகிற வழியில் தன் ரத்தத்தையெல்லாம் இறக்கிவிட்டு, கடையில் வாங்கிய புது ரத்தத்தை ஏற்றிக்கொண்டு போய், "பாருங்க டாக்டர், எவ்வளவு சுத்தம்" என்று கையை நீட்டினால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? அந்த வார்த்தையை என்னைப் பார்த்துத் தாராளமாகச் சொல்லலாம். நான் அதைத்தான் செய்தேன். ரத்தத்துக்குப் பதில் இன்ஜின் ஆயில் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் விற்கிற கடை வைத்திருக்கிறேன். ராயபுரத்து ஜெரோமும் நானும் சேர்ந்து ஒரு பழைய ஹேட்ச்பேக் கார் வைத்திருந்தோம். ரோட்டில் ஓட்டுவதற்கு இல்லை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு. ஓட்டுவது ஜெரோம். நான் ஓட்டினால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். பந்தயக் காரில் ஹாரன் கிடையாது என்பதால் கையை ஆட்டுவார்கள். ஆகவே நான் டயர் உருட்டுவது, டீ வாங்கி வருவது, எல்லோரையும் சிரிக்க வைப்பது ஆகிய துறைகளைக் கவனித்துக்கொண்டேன். மூன்றாவது துறையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயர் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரனுக்கு வடசென்னை வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்பதில்லை, அவ்வளவே. எங்கள் ஊரில் அடிக்க வருகிறவன்கூட "ஏனுங், கொஞ்சம் இப்படி வாங்க" என்றுதான் கூப்பிடுவான். இங்கே அன்பாகத் தண்ணீர் கொடுப்பதே சண்டை மாதிரிக் கேட்கும். சென்ட்ரலில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் காலி மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா.

"இன்னா நைனா பையில கீது? கால்ல இடிக்குது."

"ஆயிலுங்கம்மா."

"சமையலுக்கா?"

"காருக்குங்க."

அவர் அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் திரும்பினார். "காருக்கு எண்ண தூக்கினு ஊரு வுட்டு ஊரு வர்றான். பொண்டாட்டிக்கு ஒரு மொழம் பூ வாங்கிக் குட்த்துருப்பானா கேளு."

வாங்கிக் கொடுக்கவில்லை. நான் வெளியே வேடிக்கை பார்த்தேன்.

அந்த ஆயில் கேன் ஜெரோமுக்கு நான் ஆசையாகக் கொண்டுவந்த பரிசு. விலை கூடிய ரகம். அதற்கும் எனக்கும் ஜெரோம் வீட்டில் ஒரே மாதிரி வரவேற்பு கிடைத்தது. இரண்டையும் வாசல் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். ஜெரோமின் மனைவி ஸ்டெல்லா மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து வந்த களைப்பிலும் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் ஊரில் குழம்பில் தேங்காய் போடாவிட்டால் குழம்பாகவே மதிக்கமாட்டோம். இங்கே புளியும் மிளகாயும் மட்டும் சேர்ந்து என் மூக்கைத் திறந்துவிட்டன.

ஜெரோம் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் இயந்திரங்களின் டீசல் இன்ஜின்களைப் பராமரிக்கிறவன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஆயிலில் கொஞ்சம் உறிஞ்சி, சின்னப் பாட்டிலில் அடைத்து, மணலியில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இன்ஜினுக்குள் எது தேய்ந்தாலும் அதன் தூள் ஆயிலில்தான் கலந்தாக வேண்டும். இரும்பு கூடினால் சிலிண்டர் தேய்கிறது. அலுமினியம் கூடினால் பிஸ்டன். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங். கண்ணுக்குத் தெரியாத தூளைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள். இன்ஜினைத் திறக்காமலே உள்ளே பார்த்துவிடலாம். கப்பல்களும் அனல்மின் நிலையங்களும் இருக்கிற இடத்தில் இது சர்க்கரைப் பரிசோதனை மாதிரி சாதாரணம். ஒரு கிழட்டுக் காருக்கு அதைச் செய்து பார்த்தவன் எனக்குத் தெரிந்து ஜெரோம் ஒருவன்தான்.

செய்ததற்குக் காரணம் இருந்தது. தடத்தில் கார் வேகமாக வளையும்போது அடியில் கிடக்கிற ஆயில் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பஸ் திரும்பும்போது நிற்கிற கூட்டம் சாய்கிற மாதிரி. அந்த நேரம் உறிஞ்சுகிற குழாய்க்கு ஆயில் கிடைக்காது, காற்றுதான் கிடைக்கும். பேரிங்குக்கு ஒரு நொடிப் பட்டினி. ரோட்டில் ஓடுகிற காருக்கு இந்தப் பட்டினி தெரியாது. தடத்தில் ஓடுகிற காருக்கு ஒவ்வொரு சுற்றிலும் உண்டு. ஏற்கெனவே இரண்டு முறை ஜெரோம் ஆயில் கொடுத்துப் பார்த்திருந்தான். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை செம்பு கூடியிருந்தது. மூன்றாவதும் கூடினால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை விட்டுவிட்டு இன்ஜினைத் திறந்து பேரிங்கை மாற்றவேண்டும். கூடவில்லை என்றால் ஓட்டலாம்.

இதையெல்லாம் ஜெரோம் எனக்குப் போன தடவையே விளக்கியிருக்கிறான். விளக்கியபோது நான் முட்டை பேஜோ சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழு முட்டையைப் பிளந்து, உள்ளே வெங்காயமும் புளித்தண்ணீரும் அடைத்து வாயில் திணித்துக்கொண்டவனுக்குச் செம்பு எது ஈயம் எது?

ஒன்று மட்டும் எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். ஸ்டெல்லாவுக்கும் ஜெரோமுக்கும் ஓர் ஒப்பந்தம். "இந்த இன்ஜின் கீற வரைக்கும் ஓட்டிக்கோ. இது போச்சினா வண்டியயும் அனுப்பிடணும்" என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் தலையாட்டியிருந்தான். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு வேகமாகப் போகிற எதைப் பார்த்தாலும் வேறு ஞாபகம் வரும். அதனால் அந்த இன்ஜின் செத்தால் ஜெரோமின் பந்தயமும் அதோடு முடிந்தது. பேரிங்கை நேரத்தில் மாற்றிவிட்டால் இன்னும் சில வருஷம் பிழைக்கும். அவன் வாரம் முழுக்க மற்றவர்களின் இயந்திரத்துக்குக் கீழே படுத்துக் கிடப்பதே ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டீரிங்கைப் பிடிக்கத்தான்.

வியாழக்கிழமை காலையில் டூட்டிக்குப் போகும் வழியில் என்னைக் காலடிப்பேட்டை ஷெட்டில் இறக்கிவிட்டான். கார் பயிற்சி ஓட்டம் முடிந்து அப்படியே நின்றது.

"ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடேத்து. ஆயில் பாக்குற கம்பி போற ஓட்டைல இந்த டியூப வுட்டு, பம்ப்ல இழுத்து, பாட்டில்ல புடி. மணலிக்குப் போயி குட்த்துட்டு வந்துடு. இன்னா மாமு, செஞ்சிடுவியா?"

"கொழந்த கூட செஞ்சிருமே ஜெரோமு."

"அதான் நானும் பாக்குறேன், கொழந்த யாரும் கெடிக்கல."

அவன் போனான். நான் கம்பியை உருவித் துணியில் துடைத்தேன். தார் மாதிரி கருப்பு. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் வண்டியை சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் கழுவித் துடைத்துத்தான் விடுவோம். சர்வீஸ்காரர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்ற பயம். மணலியில் யாரோ படித்தவர்கள் இந்தக் கருப்பைப் பார்த்துவிட்டு, "இதுதான் வண்டி வைத்திருக்கிற லட்சணமா" என்று கேட்டுவிட்டால்? வாசல் ஓரத்திலிருந்து தூக்கி வந்த புது ஆயில் கையில்தான் இருக்கிறதே. ஜெரோமுக்கும் ஆச்சரியமாக இருக்கும். இன்ஜின் பரீட்சைக்குப் போகிறது, பாஸாகிவிட வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. பரீட்சை எதற்கு வைக்கிறார்கள் என்று நினைக்கவே இல்லை.

பழையதை இறக்கினேன். ஃபில்டரையும் கழற்றிக் குப்பை வண்டியில் போட்டேன். பக்கத்து ஷெட்டில் வலை வைத்திருக்கும் தேசப்பன் எட்டிப் பார்த்தார். எர்ணாவூர் தாண்டி மாப்பிள்ளையோடு கடலுக்குப் போகிறவர்.

"நைனா, அத்த கால்வாயில ஊத்திறாத. மாப்ளயோட மரப் போட்டுக்கு அடிக்கலாம்."

"தாராளமா எடுத்துக்கங்க" என்றேன். பழையதைப் பிடித்து வைத்த டப்பாவையும் சேர்த்துக் கொடுத்தேன். கொடுத்துச் சிவந்த கை.

ஷெட்டில் இருந்த புது ஃபில்டரை மாட்டி, புது ஆயிலை ஊற்றி, தேரடி வரைக்கும் ஒரு சுற்று ஓட்டி, சூட்டோடு உறிஞ்சிப் பாட்டிலில் பிடித்தேன். தேன் நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பெற்றவனுக்குத்தான் தெரியும் அந்தப் பெருமை.

மணலி போகிற வழி முழுக்க கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எது ஓடுகிறது, எது நிறுத்தி வைத்தது என்று கண்டுபிடிக்க டிரைவர் டீ குடிக்கிறாரா என்று பார்க்கவேண்டும். என் ஷேர் ஆட்டோ இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைந்து சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. "அல்லாரும் எறங்கி ஒரு கை குடுங்கபா" என்றார் ஓட்டுநர். காசு கொடுத்து ஏறிய வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஏறினோம். யாரும் அதை விசேஷமாக நினைக்கவில்லை. எங்கள் ஊரில் இதற்குள் ஒரு சங்கம் ஆரம்பித்திருப்போம். மணலிக்குள் நுழைந்ததும் காற்றே மாறியது. ஊர் முழுக்க யாரோ ஸ்டவ் பற்றவைத்து அணைத்த வாசனை.

சோதனைக்கூடத்தில் பாட்டில்களை வாங்கியவர் பரிமளா மேடம். அவர் பின்னால் ஒரு தட்டு நிறையப் பாட்டில்கள். கப்பல், இழுவைப் படகு, ஜெனரேட்டர், எல்லாம் கன்னங்கரேல். நடுவே என்னுடையது மட்டும் கல்யாண மாப்பிள்ளை. அவர் அதைச் சாய்த்துப் பார்த்தார்.

"ரேஸ் கார்ன்னு ஜெரோம் சார் சொன்னாரே, அதுவா?"

"அதேதானுங்க மேடம். டிராக்ல ஓடிட்டு வந்த வண்டி."

வண்டியைப் பற்றி நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் இன்னும் ஒரு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்தார். நான் வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தேன். இரண்டு கிளாஸ்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிக்கை ஜெரோமின் போனுக்கு வந்தது. நாங்கள் ராயபுரத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் அத்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயமும் தட்டையும் நொறுக்கிப் போட்டு, வாழைத்தண்டு சூப்போடு தருவார்கள். ஜெரோம் போனைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"மாமு, செம்பு எறங்கிகீது."

"அப்படியா?"

"இருக்குறதே தெரீல. ஈயமும் எறங்கிகீது." கொஞ்சம் யோசித்தான். "போன வருசம் இன்ஜின் வேல பார்த்தோம்ல. புது பேரிங்கு மொதல்ல கொஞ்சம் தேய்ஞ்சி, அப்பால பழகிக்கும். பழகிக்கிச்சி போல."

நம்ப ஆசைப்படுகிறவனுக்குக் காரணம் எங்கிருந்தாவது கிடைத்துவிடும். அவன் கடைக்காரரிடம் எனக்கு இன்னொரு தட்டு சொன்னான். ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, "பரலோகத்துலேந்து நல்ல சேதி" என்றான். வீட்டுக்குப் போகிற வழியில் மாதா கோயிலில் இறங்கி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான். நான் வெளியே செருப்புக்குக் காவல் நின்றேன்.  

சனிக்கிழமை காலை பரிமளா மேடம், பாட்டிலோடு நான் எழுதிக் கொடுத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டார்.

"சார், ஜெரோம் சாருக்கு லைன் போகல. டூட்டில இருக்கார் போல. நீங்க கொடுத்த ஆயில் எவ்வளவு நேரம் ஓடினது?"

"தேரடி வரைக்கும் போயிட்டு வந்துதுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"புது ஆயிலா அது? நேத்தே சந்தேகமா இருந்துச்சு. இப்ப மத்த டெஸ்டும் பார்த்தேன். ஆயில் கெடாம இருக்கக் கம்பெனில கலக்குற மருந்து ஒண்ணு கூடக் குறையல. நீங்க இன்ஜின டெஸ்ட் பண்ணல சார், ஆயில் கம்பெனிய டெஸ்ட் பண்ணிருக்கீங்க. அந்த ரிப்போர்ட்ட வச்சு வண்டிய ஓட்ட வேணாம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. பழைய ஆயில் இருக்கா? இருந்தா கொண்டாங்க. மத்தியானம் வரைக்கும் இருப்பேன், அவசரமா போட்டுத் தரேன்."

உடனே துறைமுக வாசலுக்குப் போய் நின்று ஜெரோமை வெளியே வரச்சொல்லி உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷன் அதைத்தான் செய்வான். நான் என்ன செய்தேன்? பழைய ஆயிலைக் கண்டுபிடித்து, சரியான அறிக்கையைக் கையில் வாங்கி, நான் செய்த தப்பு ஒருவருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தேசப்பன் ஷெட்டில் இல்லை. "நெட்டுக்குப்பத்துல மாப்ள வூட்டாண்ட போட்டு வேலயா கீறாரு" என்றார்கள். எண்ணூர் பஸ்ஸில் ஏறினேன். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் லாரி. கடல் நகர்ந்துகொண்டிருந்தது. பஸ் கத்திவாக்கம் வருவதற்கு முன் படுத்துவிட்டது. கண்டக்டர் இறங்கிப் புகை வருகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "போச்சு, இன்ஜின் ஆயில் சுத்தமா இல்ல" என்றார். யாருக்கோ சொன்னதுதான். என் முதுகில் வந்து விழுந்தது. பிறகு பைக்கில் போன ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. குப்பம் வந்ததும், "எறங்கு" என்றார். எங்கள் ஊர் மரியாதையில் நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த தெருவில் இருந்தார்.

முகத்துவாரத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அந்தப் பக்கம் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மணலில் கவிழ்த்து வைத்த படகின் பக்கத்தில் தேசப்பன் பிரஷும் கையுமாக நின்றார். படகு பளபளவென்று கருப்பாக இருந்தது.

"வா நைனா, வா. நீ குட்த்த ஆயிலு ஏ கிளாஸு. மரம் குட்ச்சிகினே கீது."

"மீதி கொஞ்சம் இருக்குதுங்களா?"

"இன்னாது, குட்த்தத திருப்பிக் கேக்குறியா? கோயம்புத்தூர்ல இதான் பழக்கமா?"

"திருப்பி வேணாமுங்க. ஒரு சின்ன பாட்டில் போதும். சோதனைக்கு."

"போட்டுக்கு அட்ச்ச ஆயிலுக்கு இன்னா சோதன?" மாப்பிள்ளையைப் பார்த்தார். "கேட்டியாடா, ஆயிலுக்கு ஒடம்பு சரியில்லியாம்." பிறகு ஒரு டிரம்மைக் காலால் தட்டிக் காட்டினார். "அத்தோ கீது பாரு. ஒன் ஆயிலு, பஸ்ஸு ஆயிலு, ஆட்டோ ஆயிலு, அல்லாம் ஒண்ணா கொட்டிக் கலக்கிட்டேன். எத்தினி வோணுமோ மொண்டுக்கோ."

அங்கேயே நின்று பரிமளா மேடத்தைக் கூப்பிட்டேன்.

"டிரம்முல கலந்துருச்சா? அப்ப வேணாம் சார். யாரு பேரிங் போச்சுன்னு சொல்றது? ஜெரோம் சார்கிட்ட சொல்லிட்டீங்கதானே?"

"சொல்லிர்றனுங்க."

"இன்னும் சொல்லலையா?"

தேசப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பசி என்று முடிவுசெய்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு தட்டில் சூடாகக் கிழங்கான் மீன் வறுவல் வந்தது. முள் எடுக்கத் தெரியாமல் நான் திண்டாடியதைக் குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. அந்த மீனின் ருசி அபாரம் என்று எழுத ஆசைதான். எனக்கு ருசி தெரியவில்லை.

காலடிப்பேட்டைக்குத் திரும்பும்போது சாயங்காலம். ஷெட் வாசலில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். காரை மினி லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெரோம், ஸ்டெல்லா, லாரி டிரைவர், பங்குக் கோயில் நண்பர்கள் இரண்டு பேர். ஸ்டெல்லா ஒரு பாட்டிலில் இருந்த தீர்த்தத்தை பானெட்டில் தெளித்தாள். பந்தயம் பிடிக்காதவள் என்றாலும் தெளிப்பதில் குறை வைக்கவில்லை.

நான் ஜெரோமின் தோளைத் தொட்டேன். "ஜெரோமு, ஒரு விஷயம். நான் ஆயில மாத்திட்டுத்தான் அந்த சாம்பிள எடுத்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு சிரித்தான்.

"கேட்டியா ஸ்டெல்லா? ஆயில மாத்திட்டுத்தான் எட்த்தானாம். போன வாட்டி இன்னா சொன்னான், ஞாபகம் கீதா? கியர்பாக்ஸ எட்த்துனு போயி கிரைண்டர்ல மாட்டிட்டேன்னான்."

லாரி டிரைவர் கயிற்றை இறுக்கியபடி, "அண்ணாத்த, ஸ்டீரிங்கயாச்சும் வுட்டு வெச்சிகீறியா?" என்றார்.

"நெசமாலுமே மாத்திட்டன் ஜெரோமு. தேசப்பன்கிட்ட வேணா கேளு. படகுக்கு அடிச்சிட்டாரு."

இது இன்னும் பெரிய சிரிப்பைக் கொண்டுவந்தது. படகு என்று கேட்டதும் கோயில் நண்பர்களில் ஒருவர் லாரிப் பலகையைத் தட்டிச் சிரித்தார். ஸ்டெல்லா கண்ணோரம் துடைத்தாள். நான் எந்தப் பொய்யைச் சொன்னாலும் கடைசியில் "நெசமாலுமே" என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். அதுதான் என் முத்திரை. இத்தனை வருஷமும் அந்த வார்த்தையைச் செலவழித்துவிட்டு, தேவைப்படும்போது கையை விட்டுத் துழாவினால் பையில் ஒன்றுமில்லை.

அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்பான சிரிப்பு. அதைக் கலைக்க மனம் வரவில்லை. நானும் சிரித்தேன். அவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. லாரிக்கு முன்னால் படுத்திருக்கலாம், சாவியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்திருக்கலாம், பரிமளா மேடத்துக்குப் போன் போட்டு அவன் காதில் வைத்திருக்கலாம். இந்த யோசனைகள் எல்லாம் வந்தன. செவ்வாய்க்கிழமை வந்தன.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக விடிந்தது. தடத்தில் இட்லியும் வடைகறியும் கொடுத்தார்கள். ஜெரோம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எனக்குக் கட்டைவிரலைக் காட்டினான். "இரு, இன்னொரு தடவை பேசலாம்" என்று நான் ஜன்னலில் குனிந்தபோது கொடி ஆட்டுகிறவர் என்னை ஓரம் போகச் சொன்னார். போனேன். சொல்பேச்சு கேட்கிறவன்.

தடத்தின் நீளமான வலப்பக்க வளைவில்தான் நடந்தது. முன்னால் போன இரண்டு கார்களைத் தாண்டிவிட்டான். தாண்டி வந்த வேகத்தில் எங்கள் எதிரே போகும்போது இன்ஜின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. கதவை யாரோ உள்ளிருந்து தட்டுவது மாதிரி. அடுத்த சுற்றில் தட்டுவது சத்தமாயிற்று. பிறகு ஒரு பெரிய உலோகச் சத்தம், வெள்ளைப் புகை, அமைதி. அவன் காரை ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு இறங்கினான். அடிபடவில்லை. அதற்கு மாதாவுக்கு நன்றி. நான் ஓடிப் போனபோது அவன் குனிந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜினில் கைமுட்டி அளவு ஓட்டை. அதன் வழியாக என் பரிசு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஜெரோமு" என்றேன். என் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை என்பதை அவன் பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப நேத்து நீ சொன்னது நெசமா?"

"நெசம்."

அவன் தலையை ஆட்டினான். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். வடசென்னையில் திட்டுக்குப் பஞ்சமா? அவன் கயிறு எடுத்து வர லாரிப் பக்கம் நடந்தான். திரும்பும் வழியில் தனக்கு வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தை அவன் பிரிக்காமலே லாரி டிரைவரிடம் கொடுத்தான். 

மறுநாள் காலையில் நானும் ஷெட்டுக்குப் போனேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மிச்சம் இருந்த ஆயிலை ஒரு தட்டில் பிடித்து வைத்திருந்தான். வெயிலில் செம்புத் தூள் பளபளவென்று மிதந்தது. இதைக் கண்டுபிடிக்கச் சோதனைக்கூடம் தேவையில்லை. என் கண்ணே போதும்.

ஸ்டெல்லா இரவுப் பணியிலிருந்து நேராக வந்தாள். ஒப்பந்தப்படி அவள் ஜெயித்த நாள் அது. காரின் மேல் கையை வைத்தாள்.

"எப்ப எட்த்துனு போவாங்க?"

"ஆள பாக்கணும்" என்றான் ஜெரோம்.

அவள் பிளாஸ்க்கிலிருந்து மூன்று பேருக்கும் டீ ஊற்றினாள். எனக்குக் கொடுக்கும்போது, "அண்ணா, அன்னைக்கி நீங்க இன்னொரு வாட்டி சொல்லிருக்கலாம். சிரிக்காம" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நர்ஸுகளுக்கு ஊசி போடத் தெரியும்.

அவள் போனபிறகு ஜெரோம் ஒரு சாக்கை விரித்து காருக்கு அடியில் படுத்தான். விற்பதற்கு முன்னால் எந்தப் பேரிங் போனது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றான். அதற்கு மேல் அந்த இன்ஜினுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று அவனுக்கும் தெரியும். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் வந்து விழுந்தன. அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எனக்கு ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன்.

"ஜெரோமு, ரயிலுக்கு நேரம் இருக்கு. நானும் கூட இருக்கட்டுமா?"

ஸ்பானர் சத்தம் நின்றது.

"இரு. எதுலயும் கைய வெக்காத."